டத்தோவுக்குப் போட்ட குரோஷா மாலை

ஆண்பிள்ளை ஒருவன் வாழ்நாள் முழுக்கப் பெண்களுக்குக் குரோஷா பின்னக் கற்றுக்கொடுத்தான், அதற்குச் சம்பளம் வாங்கினான், இப்போது பென்ஷனும் வாங்குகிறான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். என் அக்காள் புருஷன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

போன மாதம் ஈப்போவில் சில பெண்பிள்ளைகள் என்னை அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் கூடி, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் குரோஷா பின்னுகிறார்கள். நல்ல பிள்ளைகள், வேலையும் சுத்தம். ஒருத்தி தான் பின்னிய கூடையை என்முன் வைத்தாள். அது கொஞ்சமும் வளையாமல் நின்றது.

"அங்கிள், உங்க காலத்துல கூடை, வாத்து எல்லாம் விறைப்பா நிக்க என்ன போடுவீங்க? நாங்க இப்ப பாட்டில்ல வாங்கிருவோம்லா" என்று கேட்டாள்.

"சீனிப்பாகு போட்டோம். மரவள்ளிக் கஞ்சி போட்டோம். கடைசியா ரப்பர் பால் போட்டோம். அதுல ஒரு டத்தோ மாட்டிக்கிட்டாரு" என்றேன்.

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, என் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தார்கள். கேக்கைத் தின்றுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வயதில் காசநோய் வார்டில் படுத்திருந்தேன். அது ஆண்கள் வார்டு. வேலை இல்லாத ஆண்கள் ஒரே கூரையின்கீழ் மாதக்கணக்கில் கிடந்தால் என்ன செய்வார்கள்? பலகையில் தாம் கட்டை வைத்து ஆடினார்கள், ஆட்டத்தில் சண்டை போட்டார்கள், சண்டையில் இருமினார்கள். இருமலைக் குறைக்க மேட்ரன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு கொக்கி ஊசியும் ஒரு உருண்டை நூலும் கொடுத்துவிட்டார். முதல் வாரம் அவமானமாக இருந்தது. இரண்டாவது வாரம் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் என்னைவிட வேகமாகப் பின்னுகிறானே என்று பொறாமையாக இருந்தது. என் முதல் படைப்பு எச்சில் குவளைக்கு ஓர் உறை. டாக்டர் அதைக் குவளையோடு சேர்த்து எரிக்கச் சொன்னார்.

குணமாகி வெளியே வரும்போது இனிமேல் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, புகையில் நிற்கக் கூடாது என்றார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்து ஆபீஸ் பக்கமும் போக முடியாது. ஈப்போ புந்தோங்கில் அக்காள் வீட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தேன். வானொலிக்கு உறை, தண்ணீர்ச் சாடிக்கு மூடி, தையல் இயந்திரத்துக்குச் சட்டை, மச்சானின் ஹோண்டா மோட்டார்சைக்கிள் இருக்கைக்கு ரோஜாப்பூ வைத்த விரிப்பு.

"மச்சான், நான் கொஞ்சம் படுக்கப் போறேன். எழுந்திரிக்கறதுக்குள்ள எம்மேல ஒரு மூடி போட்டுறாதலா" என்று அவர் தினமும் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்.

அந்த நிலையில்தான் மிஸ் தங்கரத்தினம் என்னைக் கண்டுபிடித்தார். தோட்டத்துப் பெண்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கும் நலப்பிரிவு ஒன்றின் மேற்பார்வையாளர் அவர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குத் தைப்பிங்கில் பிறந்தவர். வார்டில் நான் பின்னிவிட்டு வந்த மேசைவிரிப்பைத் தரும விற்பனையில் பார்த்திருக்கிறார். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உதை ஆர் பின்னினது?"

"நான்தான் மிஸ்."

"இருமல்?"

"நின்னுடுச்சு மிஸ்."

"வேலை?"

"அதுவும் இல்ல மிஸ்."

"அப்ப திங்கக்கிழமை வாரும்."

என் நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். தற்காலிக வேலை. வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்கள் அவருடைய மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பின்னுவதும் பிரிப்பதுமாகப் போயின. பின்னியதைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

மிஸ் தங்கரத்தினம் ஒரு பின்னலின் முன்பக்கத்தைப் பார்த்ததை நான் கண்டதில்லை. கொடுத்த உடனே திருப்புவார். பின்பக்கத்துக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைப்பார். பிறகு இரு ஓரத்தையும் பிடித்து ஒரே இழுப்பு இழுப்பார். அதில் பிழைத்தால் வெளிச்சத்தில் பிடித்து, "நூல் முடிஞ்ச இடத்தைக் காட்டும்" என்பார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பின்னி முடித்ததும் நூலின் நுனியை உள்ளே செருகி மறைக்க வேண்டும். பின்னியவன் "இதோ மிஸ்" என்று விரலை வைத்துக் காட்டிவிட்டால் தோல்வி. தேடித் தேடிப் பார்த்து, வியர்த்து, தெரியவில்லை மிஸ் என்று நின்றால் தேர்ச்சி. கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். தோற்ற பின்னலை அங்கேயே, நம் கண்ணெதிரே, நறுக்கென்று வெட்டி நூலைக் கையில் கொடுத்துவிடுவார். திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். கத்தரிக்கோல் சும்மா தொங்கினால் அதுதான் பாராட்டு என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கொடுத்த இடம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். சனிக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து குளித்துவிட்டுப் பெண்கள் வருவார்கள். வகுப்பு நடந்தது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில். கற்றுக்கொடுக்க வருவது ஆம்பிளை என்று தெரிந்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெரிய கூட்டமே போட்டார்கள். கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். வகுப்பு நடக்கட்டும், ஆனால் வாராவாரம் நான்கு புருஷன்மார் முறைபோட்டுக் காவல் உட்கார வேண்டும்.

காவல்காரர்கள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னை முறைத்தார்கள். நான் ஊசியை முறைத்தேன். இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் வகுப்பில் எல்லாரும் தலைகுனிந்து பின்னிக்கொண்டிருந்தபோது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ புள்ள, அங்க ஒரு கண்ணி வுட்டுட்ட பாரு."

சொன்னவர் கோவிந்தன், தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்பவர். அவர் மனைவி முனியம்மாள் என் வகுப்பில் மூத்தவள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவள் என்பதால் நான் அக்கா என்பேன், அவள் என்னை வாத்தியாரே என்பாள். முனியம்மாள் பின்னலைப் பார்த்தாள். ஒரு கண்ணி விட்டுத்தான் போயிருந்தது. அன்று முதல் காவல்காரர்கள் முறைப்பதை விட்டுவிட்டு மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார்கள். எனக்குக் கீழே நான்கு உதவியாளர்கள் இருந்தது மாதிரி ஆகிவிட்டது. ஒருவருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

மரம் வெட்டும் பெண்களின் கை இரும்புக் கை. உளியைப் பட்டைமேல் இழுத்து இழுத்துப் பழகியவர்கள் நூலையும் அப்படித்தான் இழுப்பார்கள். முனியம்மாள் பின்னிய முதல் வட்டத்துக்குள் ஊசியே நுழையவில்லை. தட்டையாக வரவேண்டிய விரிப்பு தானாகக் குழிந்து சட்டி மாதிரி நின்றது. மிஸ் தங்கரத்தினம் வந்து அதை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. கத்தரிக்கோலைப் போட்டுப் பார்த்தார், அதுவும் வழுக்கியது. திருப்பிக் கொடுத்துவிட்டார். முனியம்மாள் அதில் கோழிக்குத் தீனி வைத்தாள்.

ஆனால் பழகிய பிறகு அந்தப் பெண்கள் பின்னிய பின்னல் இருக்கிறதே, அடடா. ஒரு வருடத்துக்குள் தோட்டத்தில் உறை இல்லாத பொருள் இல்லை. கடிகாரத்துக்கு உறை, மண்ணெண்ணெய் விளக்குக்கு உறை, சாமி படத்துக்கு முக்காடு. தோட்டத்து ஆபீஸ் கிராணியார் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் சொல்லி வைத்தாற்போல வெந்நீர்ச் சாடி உறையையே பரிசாகக் கொடுத்தார்கள். வெந்நீர்ச் சாடியை யாரும் கொடுக்கவில்லை.

பிறகு அன்னம் வந்தது. அந்தக் காலத்தில் வரவேற்பறை அலமாரியில் ஒரு வெள்ளைக் குரோஷா அன்னம் நிற்காத வீடு வீடே இல்லை. அன்னம் நிற்க வேண்டுமென்றால் பின்னலை விறைப்பாக்க வேண்டும். அதற்குச் சீனிப்பாகுதான் முறை. சீனியைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டில் பின்னலை முக்கிப் பிழிந்து, கவிழ்த்த பால் டின்மேல் இழுத்துப் பொருத்த வேண்டும். கழுத்துக்குள் ஒரு கம்பி. காய்ந்ததும் டின்னையும் கம்பியையும் உருவிவிட்டால் அன்னம் தலைநிமிர்ந்து நிற்கும். எங்கள் அன்னங்களும் நின்றன. நாங்கள் அவற்றைக் காயவைத்தது ஆயாக் கொட்டகையின் ஜன்னலோரம். அது பிள்ளைகள் இருக்கிற இடம் என்பதை நான் உட்பட யாருமே யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் போனால் ஒரு அன்னத்துக்கும் தலை இல்லை.

"கழுத்த மட்டும்தான் சப்புனாங்க வாத்தியாரே. ஒடம்ப எறும்பு எடுத்துக்கிச்சு" என்றாள் ஆயா, ஏதோ பங்கு பிரித்துக் கொடுத்தவள் மாதிரி.

சரி, இனிப்பு வேண்டாம் என்று மரவள்ளிக் கஞ்சிக்கு மாறினோம். அதைப் பிள்ளைகள் தொடவில்லை. பெருச்சாளி தொட்டது.

இந்த நேரத்தில்தான் மிஸ் தங்கரத்தினம் ஒரு சனிக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். பின்னல் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. கொட்டகைக்கு வெளியே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாத் தோட்டத்து வகுப்பையும் மூடப்போகினம். ஈப்போவிலை கண்காட்சிக்கு டத்தோ வாறார். மேடையிலை அவரே அறிவிப்பார். பேச்சு எழுதியாச்சு, நான் பார்த்தனான்."

டத்தோ என்பது எங்கள் பிரிவுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய அதிகாரி. பட்டம் வாங்கியவர். அவர் மேடையில் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

"மிஸ், அப்ப நீங்க?"

"எனக்குப் பென்ஷன் வரும். உமக்குத்தான் ஒண்டும் இல்லை."

அதை அவர் இரக்கமில்லாமல் சொல்லவில்லை. உண்மையை அப்படித்தான் சொல்வார். என் நுரையீரலை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் நான் பார்க்கக்கூடிய ஒரே வேலை அது. மறுபடி அக்காள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மச்சானின் பொருள்களுக்கெல்லாம் மூடி போட வேண்டியதுதான் என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது.

"ஒரு காரியம்" என்றார் மிஸ். "டத்தோவுக்குப் போடுற மாலை இந்த முறை பூவிலை வேண்டாம். கைவேலைக் கண்காட்சிதானே, குரோஷா மாலையாய் இருக்கட்டும். உம்மடை வகுப்பு செய்யட்டும்."

"மூட வர்றவருக்கு நாங்களே மாலை போடுறதா மிஸ்?"

"வாறவருக்கு மாலை போடுறதுதானே முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே போய்ச் சொன்னேன். ஊசிகள் நின்றுவிட்டன. முனியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"வாரம் பூரா மரத்துக்கு, வூட்டுக்கு. இந்த ஒரு பொழுதுதான் நமக்குன்னு இருக்கு. அதையும் புடுங்குறவருக்கு மாலையா?" ஊசியைக் கீழே வைத்துவிட்டு நூலுருண்டையை எடுத்தாள். "செரி, எவ்ளோ நீளம் வேணும்?"

பின்னிய மாலையைப் பார்த்தால் எந்த அதிகாரியும் மனம் மாறிவிடுவார் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். நானும் நம்ப முயன்றேன். வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கள், நடுவில் பச்சை இலைகள், கீழே கையகலத்தில் ஒரு பெரிய குஞ்சம். எல்லாம் அருமையாக வந்தது. கோத்துத் தூக்கிப் பார்த்தால் பூக்கள் எல்லாம் துவைத்துப் பிழிந்த துணிபோலத் தொங்கின. விறைப்பு வேண்டும். சீனி போட்டால் எறும்போடு டத்தோ. கஞ்சி போட்டால் பெருச்சாளியோடு டத்தோ.

அன்றைக்குக் காவல் முறை கோவிந்தனுடையது. சுவரோரத்திலிருந்து சொன்னார்: "வாத்தியாரே, தோட்டத்துல இருந்துக்கிட்டு என்னாத்துக்குச் சீனி தேடுறீங்க? பால் இருக்குலா."

ரப்பர் பாலைத்தான் சொன்னார். முதல் பூவை ஸ்டோரில் செய்வதுபோல ஆசிட் கலந்த பாலில் முக்கினார். கொஞ்ச நேரத்தில் பூ மறைந்து அங்கே ஒரு இட்லி இருந்தது. அடுத்ததற்கு ஆசிட் இல்லாமல், கோழி இறகால் தொட்டுத் தொட்டு மெல்லிசாகப் பூசிக் காயவைத்தோம். அது நாங்கள் எதிர்பார்த்த விறைப்பு இல்லை, வேறு ஏதோ ஒன்று. கசக்கினால் கசங்கியது, விட்டால் துள்ளி விரிந்தது. சுவரில் எறிந்தால் திரும்பி வந்தது. முனியம்மாள் அன்று மத்தியானம் முழுக்க எறிந்துகொண்டிருந்தாள்.

"பாகுஸ்லா, ரொம்ப நல்லாருக்கு! இத எந்தப் பெருச்சாளி திங்கும்?" என்றாள்.

குறைகள் இருந்தன. வெள்ளைப் பூ பழுப்பானது. வாசனை ரப்பர் ஸ்டோர் வாசனை, அதற்குப் பன்னீர் தெளித்தோம். எல்லாவற்றையும்விடப் பெரிய சூசா, பெரிய தொல்லை, என்னவென்றால், பூவும் பூவும் பட்டால் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அதற்கும் பெண்களே வழி சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் போடும் முகப்பவுடரை ஆயாவிடம் வாங்கி முன்பக்கம் முழுவதும் பூசினோம். பவுடர் அதோடு தீர்ந்துபோனது. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

கண்காட்சி வாரம் முழுக்க மழை. பூசிய பால் காயவே இல்லை. அன்று காலை தோட்டத்து லாரியில் ஏறி ஈப்போவுக்குப் போனோம். சாலைக் குழிகளில் குலுங்கி ஒரு பூ கழன்றுவிட்டது. கோவிந்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பாட்டில் பாலை எடுத்து அதை ஒட்டினார். ஒட்டியதோடு விட்டாரா? எதற்கும் இருக்கட்டும் என்று மாலையின் பின்பக்கம் முழுவதும், குஞ்சம் வரைக்கும், தாராளமாக இன்னொரு பூச்சுப் பூசிவிட்டார். நான் பார்த்தபோது பூசி முடித்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் பல தோட்டத்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மேடையில் நாற்காலிகளுக்கு உறை, மேசைக்கு உறை, பூச்சாடிக்கு உறை. ஒலிவாங்கிக்குக்கூட யாரோ ஒரு தொப்பி பின்னி மாட்டியிருந்தார்கள். அறிவிப்பாளர் பேசியது போர்வைக்குள்ளிருந்து பேசியதுபோல் கேட்டது.

மேடை ஓரத்தில் மிஸ் தங்கரத்தினம் மாலையை வாங்கினார். வழக்கம்போல உடனே திருப்பினார். உள்ளங்கையை வைத்தார். எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. மெதுவாக ஒவ்வொரு விரலாக உரித்து எடுத்தார்.

"உது காயேல்லை" என்றார்.

"காஞ்சிரும் மிஸ்" என்றேன்.

மேடையைப் பார்த்தார். டத்தோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். பக்கத்தில் அவருடைய செயலாளர், பேச்சை எழுதிய மனிதர், டத்தோவின் கோட்டு உட்பையைக் காட்டி ஏதோ நினைவூட்டினார். மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு முனியம்மாளைப் பார்த்தார்.

"காயாட்டிலும் பரவாயில்லை. போடட்டும்" என்றார்.

அவர் அப்போது என்ன நினைத்தார் என்று நான் பலமுறை கேட்க நினைத்ததுண்டு. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

டத்தோ நல்ல உயரம். முனியம்மாள் குள்ளம். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் ஏறி நின்று, மாலையைப் போட்டு, அது ஒழுங்காகக் கிடக்க வேண்டுமே என்று கழுத்திலிருந்து குஞ்சம் வரை இரு கையாலும் அழுத்தி அழுத்தித் தடவிவிட்டாள். மரம் வெட்டும் கை. டத்தோ ஒரு அடி பின்னால் போய் வந்தார்.

நம் ஆட்களுக்குத் தெரியும், மேடையில் மாலை விழுந்ததும் கழற்றிவிட வேண்டும். போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஆசை பிடித்தவன் என்பார்கள். டத்தோவுக்கும் அந்த முறை தெரிந்திருந்தது. படம் எடுத்ததும் சிரித்த முகத்தோடு மாலையை இரு கையாலும் பிடித்துத் தூக்கினார். மாலையோடு கோட்டும் கிளம்பியது. கோட்டின் கழுத்துப்பட்டை காது வரை ஏறியது. விட்டார். தப் என்று பழைய இடத்துக்குப் போனது.

டத்தோ இந்தத் தடவை மாலையை முன்பக்கமாக இழுத்தார். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. கை முழுவதும் நீட்டும் வரைக்கும் வந்தது. படம் எடுத்தவர் பயந்து விலகினார். அவ்வளவு தூரம் இழுத்த பிறகுதான் அதை விட்டால் என்ன ஆகும் என்று டத்தோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். பாதியில் கை வழுக்கியது.

தப்.

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அதிகாரிகள் முன்னால் வாய்திறக்காத பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். முனியம்மாள் மட்டும் நாற்காலியிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றாள். நான் மேடைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போவது நிச்சயம், போலீஸ் லோக்காப்பும் உண்டா என்பதுதான் என் கவலை.

டத்தோவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வாய்க்கோணம் துடித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

ஒலிவாங்கிமுன் வந்து, பேச்சை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டார். கை போகவில்லை. முனியம்மாள் அழுத்திய அழுத்தில் குஞ்சம் கோட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டி மூடியிருந்தது. கீழ்ப்பக்கமாக விட்டுப் பார்த்தார், கழுத்துப் பக்கமாக விட்டுப் பார்த்தார். செயலாளர் ஓடிவந்து குஞ்சத்தைப் பிடித்து இழுத்தார். அவர் கையும் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் இருவரும் மேடையில் நடனம் ஆடுவதுபோல் சுற்றினார்கள். கடைசியில் கையை விடுவித்துக்கொண்டு செயலாளர் மிஸ் தங்கரத்தினத்திடம் வந்தார்.

"மிஸ், அந்தக் கத்தரிக்கோலைக் குடுங்க, சீக்கிரம்!"

மிஸ் தன் கழுத்தில் தொங்கியதைக் குனிந்து பார்த்தார்.

"இது நூல் வெட்டுற கத்தரி. ரப்பர் வெட்டாது" என்றார்.

டத்தோ காத்திருக்கவில்லை. தன் பேச்சில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். எழுதிக்கொடுத்ததை மேடையில்தான் முதல்முறை படிப்பார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். காகிதம் இல்லாமல், சிரித்துக் களைத்த ஒரு மண்டபத்தின்முன் கழுத்தில் மாலையோடு நிற்கும் மனிதர் என்ன சொல்வார்? எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். உங்கள் திறமையைப் பார்த்து மகிழ்ச்சி என்றார். இந்த மாலைக்கு என்னை அவ்வளவு பிடித்துவிட்டது என்றார். மலாயில் பேசியவர், கையை உயர்த்தி, "இந்த வகுப்புகள்? தெருஸ்கான்!" என்று முழங்கினார்.

தொடருங்கள் என்று அர்த்தம். கைதட்டல் கூரையைத் தூக்கியது. அந்தக் கைதட்டல் அவருக்குப் பிடித்துவிட்டது.

"தெருஸ்கான்! எல்லாத் தோட்டத்திலும் தெருஸ்கான்!"

செயலாளர் காதில் ஏதோ சொல்ல நெருங்கினார். டத்தோ மாலையைக் காட்டி, கிட்டே வராதே என்று கைகாட்டினார்.

மாலையோடுதான் காரில் ஏறினார். மேடையில், அத்தனை பேர் எதிரில், டத்தோ வாயால் சொன்னதை எந்த ஆபீஸில் எவன் மாற்றுவான்? வகுப்புகள் தொடர்ந்தன. எண்பதுகளில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் வரைக்கும் அங்கேயும், அதற்குப் பிறகு பட்டணத்திலும் நான் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். வேலையும் நிரந்தரமானது.

அன்று கூட்டம் கலைந்ததும் மிஸ் தங்கரத்தினம் என்னிடம் வந்தார். உள்ளங்கையிலிருந்து காய்ந்த ரப்பரைத் திரித்துத் திரித்து எடுத்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, அந்த மாலையிலை நூல் முடிஞ்ச இடம் எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுவதிலும் அவர் வாயால் கேட்ட பாராட்டு அது ஒன்றுதான்.

திரும்பும்போது லாரியில் ஒரே கூத்து. ஒருத்தி டத்தோவாகவும் இன்னொருத்தி மாலையாகவும் நடித்தார்கள். கோவிந்தன் தன் பூச்சைப் பற்றித் தானே புகழ்ந்துகொண்டிருந்தார். முனியம்மாள் மட்டும் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து வந்தாள். சிம்மோர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"பாவம்லா அந்த மனுசன். நல்ல கோட்டு. நம்மளால போச்சு."

"டத்தோவுக்குக் கோட்டுக்கா பஞ்சம்?" என்றார் கோவிந்தன்.

"இருந்தாலும்." என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, குரோஷாவுல கோட்டு பின்ன முடியுமா?"

அத்தனை நாளும் இவர்களிடம் கடைசி வகுப்பில் என்ன சொல்லி விடைபெறுவது என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அங்கேயே, அத்தனை பேர் நடுவில், விம்மி விம்மி அழுதேன். இருமல் திரும்பிவிட்டது என்று நினைத்துக் கோவிந்தன் என் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

முனியம்மாள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. புருஷனை எழுந்து நிற்கச் சொல்லி, அவர் தோளில் சாண் போட்டுக்கொண்டிருந்தாள். "இவர விட ஒரு சாண் கூட இருக்கும். மால போடும்போதே பாத்துட்டேன். கை நீளம் இவ்ளோ. முடியுமா முடியாதா வாத்தியாரே?"

"முடியும்கா" என்றேன்.

"அப்ப கறுப்பு நூலு நெறைய வேணும். சனிக்கெழம மறந்துராதீங்க."

சனிக்கிழமை கறுப்பு நூலோடு போனேன்.